வீட்டுக்கு ஒரு பஸ் நேரப் பலகை: எந்தத் திரையை வாங்குவது?

வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பலகை. கீழே இருக்கும் நிறுத்தத்துக்கு அடுத்த பஸ் எத்தனை நிமிடத்தில் வரும் என்று அது காட்ட வேண்டும். சிங்கப்பூரில் இதைத் தாங்களே செய்து பார்க்க ஆசைப்படுபவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு நிரல் எழுதுவது பெரிய கவலையாக இருப்பதில்லை. எந்தத் திரையை வாங்குவது என்பதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சும்மா கிடக்கும் டேப்லெட் போதுமா, புள்ளி புள்ளியாக ஒளிரும் எல்இடி பலகை வேண்டுமா, காகிதம் மாதிரி இருக்கும் இ-இங்க் திரையா, இருபது வெள்ளிக்குள் கிடைக்கும் சின்ன வண்ணத் திரையா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலகையைப் பார்ப்பவர் எங்கே நின்று பார்ப்பார் என்று முடிவு செய்துவிட்டால் பாதி விடை கிடைத்துவிடும். தகவல் பழசாகிப்போனால் அது பழசு என்று அந்தத் திரை காட்டிக்கொடுக்குமா என்பதில் மீதிப் பாதி இருக்கிறது. விலையும் அழகும் அதற்கப்புறம்தான். தவறான நேரத்தைக் காட்டும் பலகையை நம்பி ஒருவர் ஓடிப்போய் பஸ்ஸைத் தவறவிட்டால், வீட்டில் யாரும் மறுபடி அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

## எந்தத் திரையானாலும் தகவல் ஒன்றுதான்

நிலப் போக்குவரத்து ஆணையம் போக்குவரத்துத் தகவல்களை வெளியிடும் டேட்டாமால் தளத்தில் பதிவு செய்தால் இலவசமாக ஒரு சாவி, அதாவது தகவல் கேட்கும்போது காட்ட வேண்டிய ரகசியக் குறியீடு, தருவார்கள். ஐந்து இலக்க நிறுத்த எண்ணைக் கொடுத்துக் கேட்டால், அங்கே வரும் ஒவ்வொரு பஸ் சேவைக்கும் அடுத்த மூன்று பஸ்களின் வருகை நேரம் ஜேசான் என்ற, நிரல் எளிதாகப் படிக்கும் உரை வடிவில் வந்து சேரும். அந்த எண் நிறுத்தத்திலேயே எழுதியிருக்கும். எஸ்பிஎஸ் டிரான்சிட், எஸ்எம்ஆர்டி, டவர் டிரான்சிட், கோ-அஹெட் என்று நான்கு நிறுவனங்கள் பஸ் ஓட்டினாலும் பதில் ஒரே வடிவத்தில் இருப்பது பெரிய வசதி. தகவல் 20 விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. பஸ்ஸில் உட்கார இடம் இருக்கிறதா, நிற்க மட்டும்தான் இடமா, அதுவும் குறைவா என்பதும், இரட்டை மாடிப் பஸ்ஸா என்பதும், சக்கர நாற்காலி ஏற முடியுமா என்பதும் கூடவே வரும்.

திரையைத் தேர்ந்தெடுக்கும்போது நினைவில் வைக்க வேண்டிய சில விஷயங்கள் இந்தத் தகவலிலேயே இருக்கின்றன.

பதிலில் வருவது 'இன்னும் 4 நிமிடம்' என்ற கணக்கு கிடையாது; 7:42:15 போன்ற கடிகார நேரம். அதிலிருந்து இப்போதைய நேரத்தைக் கழிப்பது உங்கள் கருவியின் வேலை. கருவியின் கடிகாரம் இரண்டு நிமிடம் பிசகினால் பலகையும் இரண்டு நிமிடம் பிசகும். அதனால் எந்தத் திரையாக இருந்தாலும் இணையத்திலிருந்து நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளும் வழி இருக்க வேண்டும்.

அடுத்தது, ஒவ்வொரு பஸ்ஸுக்கும் 'மானிட்டர்டு' என்று ஒரு புலம் (பதிலின் ஒரு கூறு) வருகிறது. அதில் 1 என்று இருந்தால், பஸ் இப்போது இருக்கும் இடத்தை வைத்துக் கணித்த நேரம். 0 என்றால் கால அட்டவணையில் இருந்து எடுத்த நேரம். இரண்டையும் ஒரே மாதிரி காட்டினால், இன்னும் கிளம்பாத பஸ்ஸைக்கூட வந்துகொண்டிருப்பதாக நம்ப வைத்துவிடுவோம். நிறம் மாற்றியோ, மங்கலாக்கியோ, பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தோ இதைப் பிரித்துக் காட்டுங்கள்.

நள்ளிரவுக்குப் பிறகும் கடைசி பஸ் போன பிறகும் சில புலங்கள் காலியாகவே வரும். சுற்றி வரும் சில சேவைகள் ஒரே நிறுத்தத்தை இரண்டு தடவை தொடும். எந்தத் தடவை என்பதையும் பதிலில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எம்ஆர்டி ரயில்களுக்கு இப்படி நிமிடக் கணக்கு டேட்டாமாலில் இல்லை. சேவைத் தடை அறிவிப்பும் நிலையத்தின் கூட்ட நெரிசல் அளவும் கிடைக்கும், அவ்வளவுதான். காலையில் ரயிலை மட்டுமே நம்பிப் போகிற வீடாக இருந்தால் இந்தப் பலகை உங்களுக்குத் தேவைப்படாது.

## எதை வைத்து எடை போடுவது

தொலைவு. அறிவிப்புப் பலகைகளுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. மூன்று மீட்டர் தள்ளி நின்று சிரமமில்லாமல் படிக்க, எழுத்து ஏறத்தாழ 25 மி.மீ. உயரம் இருக்க வேண்டும். செருப்பு அலமாரிக்கு மேலே வைத்து, காலணி மாட்டும்போது பார்க்கும் பலகை என்றால் ஒரு மீட்டர் போதும். சாப்பாட்டு மேசையிலிருந்து எட்டிப் பார்க்க வேண்டுமானால் மூன்று நான்கு மீட்டராவது வேண்டும். இன்ச் கணக்கில் திரையை வாங்காதீர்கள். எழுத்து எத்தனை மில்லிமீட்டர் வரும் என்று பாருங்கள்.

தகவலின் வேகம். தகவல் 20 விநாடிக்கு ஒருமுறை மாறும்போது, திரை அதற்கு ஈடுகொடுக்க முடியுமா?

மின்சாரம் எங்கிருந்து வரும். பலரும் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் வாசல் கதவுக்குப் பக்கத்தில் மின்செருகி இருப்பது உறுதியில்லை. புதிதாக ஒன்று வைக்க உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிட வேண்டும். அந்தச் செலவு திரையின் விலையைவிட அதிகமாகிவிடும். 1990களின் இறுதிக்குப் பின் கட்டப்பட்ட வீடுகளில் ஆபத்துக் காலத்தில் ஒதுங்குவதற்கான காப்பறை இருக்கும், பல வீடுகளில் வாசலை ஒட்டியே. அதன் தடித்த கான்கிரீட் சுவரில் துளையிடக் கட்டுப்பாடு உண்டு. வைஃபை அலையையும் அந்தச் சுவர் நன்றாகத் தடுக்கும். பலகை வரப்போகும் இடத்தில் முதலில் கைப்பேசியை வைத்து வைஃபை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். திரையை இயக்க உதவும் வைஃபைச் சில்லான இஎஸ்பி32-இன் வழக்கமான வகைகளும் சின்னக் கணினியான ராஸ்பெரி பை ஸீரோ 2 W-வும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் மட்டுமே வேலை செய்யும் என்பதையும் சேர்த்துக் கணக்கில் எடுங்கள்.

யார் படிப்பார்கள். ஆங்கில எழுத்து பழகாத பாட்டியும் பார்க்கப்போகிறார் என்றால் தமிழ் எழுத்து ஒழுங்காக வருமா என்பது முக்கியமாகிவிடும். இதைப் பிறகு தனியாகச் சொல்கிறேன்.

இரண்டு வருடம் கழித்து. வைஃபை கடவுச்சொல் மாறும், தகவல் முகவரியின் பதிப்பு மாறும், பாதுகாப்புச் சான்றிதழ் மாறும். அப்போது சரிசெய்வது எவ்வளவு எளிது?

## கைப்பேசியே போதும் என்றால்

இதையும் ஒரு தேர்வாக வைத்தே ஆக வேண்டும். தனியாக வசிப்பவருக்கும், ஒரே ஒரு பஸ்ஸை மட்டும் நம்பி இருப்பவருக்கும், தினமும் வெவ்வேறு நேரத்தில் கிளம்புபவருக்கும் மைடிரான்ஸ்போர்ட்.எஸ்ஜி போன்ற ஒரு செயலி போதும். வீட்டில் நான்கு பேர் இருந்து, காலை ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவே ஒவ்வொருவராகக் கிளம்பும்போதுதான் பலகை உண்மையில் உதவுகிறது. பள்ளிப்பையைத் தூக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் கைப்பேசியைத் தேடவேண்டிய வேலை மிச்சம்.

## பழைய டேப்லெட்

செலவு: வீட்டில் கிடந்தால் பூஜ்யம். பத்து இன்ச் டேப்லெட்டில் 25 மி.மீ. உயரத்தில் நான்கு வரி தாராளமாக வரும், அதாவது மூன்று மீட்டர் தொலைவு வரை கவலையில்லை. தமிழ் எழுத்து எந்தக் குறையுமில்லாமல் வரும். ஒரு வலைப்பக்கத்தை எழுதி, அதை முழுத்திரையில் காட்டும் கியோஸ்க் உலாவியில் திறந்து வைத்தால் ஒரே மாலையில் வேலை முடிந்துவிடும். கூட்டம் எவ்வளவு என்பதைப் பச்சை, மஞ்சள், சிவப்பில் காட்டுவதற்கும் இதுவே வசதி.

இதில் மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. முதலாவது பாட்டரி. எந்நேரமும் நூறு சதவீதத்தில் செருகியே கிடக்கும் லித்தியம் பாட்டரி, நம் ஊர் வெப்பத்தில் நாளடைவில் உப்பும். இது ஆபத்தான விஷயம், அலட்சியம் வேண்டாம். நேரம் வைத்து அணைக்கும் செருகி ஒன்றை வாங்கி, ஒரு நாளைக்குச் சில மணி நேரம் மட்டும் மின்சாரம் போகும்படி வையுங்கள். மாதம் ஒருமுறை பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். கொஞ்சம் உப்பினாலும் உடனே எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது, பழைய ஆண்ட்ராய்டு. 7.1-க்கு முந்தைய பதிப்புகளில், இணையதளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட்டின் புதிய மூலச் சான்றிதழ் இல்லை. அதனால் பல தளங்களை அவை திறக்கவே மறுக்கும். வீட்டுக்குள்ளேயே ஓடும் சிறு நிரலிலிருந்து பக்கத்தை அனுப்பினால் இந்தத் தொல்லையிலிருந்து தப்பலாம்.

அப்படி ஒரு நிரல் எப்படியும் தேவைப்படும், அதுதான் மூன்றாவது செலவு. டேட்டாமால் சாவியை வலைப்பக்கத்துக்குள் எழுதி வைப்பது சரியில்லை. பக்கத்தைத் திறக்கும் எவரும் அதைப் பார்க்கலாம். உலாவியின் பாதுகாப்பு விதிகளும் நேரடி அழைப்புக்கு இடையூறாக இருக்கும். வீட்டில் எப்போதும் ஓடும் ராஸ்பெரி பையோ கோப்புகளைச் சேமிக்கும் என்ஏஎஸ் பெட்டியோ இருந்தால் அதிலேயே வைத்துவிடலாம். இல்லையென்றால் இன்னொரு கருவி வாங்க வேண்டும்.

மின்செலவு அவ்வளவு இல்லை. 5 வாட் என்று வைத்தால் வருடம் முழுக்க ஓடினாலும் 44 யூனிட்தான். யூனிட்டுக்கு 30 காசு என்று போட்டால் 13 வெள்ளி வரும்.

ராத்திரியில் ஹாலில் ஒளி வீசிக்கொண்டு கிடப்பதுதான் எனக்குப் பிடிக்காதது. பதினொரு மணிக்குத் திரை தானாக அணைந்து, காலையில் தானாக எழும்படி செய்யாமல் சுவரில் மாட்டாதீர்கள்.

## சின்ன வண்ணத் திரை

இஎஸ்பி32 சில்லும் 2.8 இன்ச் தொடுதிரையும் ஒரே அட்டையில் சேர்ந்து வரும் பலகை ஒன்று இருக்கிறது. மஞ்சள் நிற அட்டை என்பதால் 'சீப் யெல்லோ டிஸ்ப்ளே' என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. 320×240 புள்ளிகள். பதினைந்து, இருபது வெள்ளிக்கு இணையக் கடைகளில் கிடைக்கும். ஈயம் வைத்துப் பற்றவைக்கும் வேலை எதுவும் இல்லை, யூஎஸ்பி கம்பி ஒன்று போதும். மின்சாரம் ஒரு வாட் அளவுக்கே ஆகும்.

குறை என்னவென்றால், தொலைவு. திரையின் உயரமே 43 மி.மீ. தான். இரண்டு வரி போட்டால் எழுத்து 15, 18 மி.மீ. வரும், இரண்டு மீட்டருக்கு மேல் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். ஆனால் செருப்பு அலமாரி மேலேயோ படுக்கைக்குப் பக்கத்திலோ வேலை மேசையிலோ வைத்து ஒருவர் பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. தொடுதிரை என்பதால் ஒரு தட்டில் எதிர்ப்பக்க நிறுத்தத்துக்கு மாறலாம். மற்ற விருப்பங்களில் இதற்குத் தனியாகப் பொத்தான் வைக்க வேண்டும்.

இதைவிட மலிவாக இஎஸ்பி8266 கிடைக்கிறதே என்று நினைக்க வேண்டாம். பல சேவைகள் நிற்கும் நிறுத்தம் என்றால் பதில் பத்து கிலோபைட்டைத் தாண்டிவிடும். அதோடு பாதுகாப்பான இணைப்புக்கான நினைவகமும் சேரும்போது அந்தச் சில்லு திணறும். இஎஸ்பி32-இலும் எல்லாப் புலங்களையும் வாங்கி வைக்காமல், தேவையானதை மட்டும் வடிகட்டி எடுங்கள். சேவை எண்ணைச் சேர்த்துக் கேட்டால் பதிலே சிறியதாக வரும்.

ஒரு இன்ச்சுக்கும் குறைவான ஓஎல்இடி திரைகளை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பஸ் எண்கள் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால், அந்த இடத்துப் புள்ளிகள் மங்கி எண்ணின் தடம் அப்படியே பதிந்துவிடும்.

## எல்இடி பலகை

பஸ் நேரப் பலகை என்றதும் பலருக்கு மனதில் வரும் படம் இதுதான். அந்த ஆசை நியாயமானது. ஹப்75 என்ற இணைப்பு வகைப் பலகைகள் 64×32 புள்ளிகளில் வருகின்றன. புள்ளிகளுக்கு நடுவே 4 மி.மீ. இடைவெளி உள்ளதை வாங்கினால் பலகை 256×128 மி.மீ. இருக்கும். ஏழு புள்ளி உயர எழுத்து 28 மி.மீ. வரும். நான்கு வரி, வரிக்குப் பத்து எழுத்து. '175  3  11  20' என்பது எண்களுக்கு நடுவே இடைவெளியைக் குறைத்தால் ஒரு வரியில் அடங்கிவிடும். தானே ஒளிர்வதால் ஹாலின் மறுகோடியிலிருந்தும் தெரியும். இரண்டு வரியை ஒன்றாக்கிப் பெரிய எண்ணாகப் போட்டால் வயதானவர்களுக்கும் கண்ணாடி தேவைப்படாது. 3 மி.மீ. இடைவெளிப் பலகை நேர்த்தியாக இருக்கும், ஆனால் அதே எழுத்து 21 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும்.

இயக்குவதற்கு இரண்டு வழி. ராஸ்பெரி பையோடு ஆர்பிஐ-ஆர்ஜிபி-எல்இடி-மேட்ரிக்ஸ் என்ற நிரல்தொகுப்பைப் பயன்படுத்துவது ஒன்று. இதில் பைத்தானில் எழுதலாம். எழுத்துருக்களும் கைக்கு எட்டும். ஆனால் பையின் ஒலிச் சாதனமும் இந்த நிரலும் ஒரே உள்வன்பொருளைக் கேட்பதால் ஒலியை முடக்க வேண்டும், இல்லையென்றால் திரை நடுங்கும். பலகை 5 வோல்ட் குறிகையை எதிர்பார்க்கும், பை தருவது 3.3 வோல்ட். அதனால் நடுவில் ஒரு மாற்றி அட்டை வேண்டும். பை 5-இல் ஊசிகள் ஆர்பி1 என்ற தனிச் சில்லு வழியாகப் போகின்றன, இந்த நிரல்தொகுப்பு பிறந்ததோ அதற்கு முந்தைய வகைகளுக்காக. இந்த வேலைக்காக வாங்குவதானால் பை 4 அல்லது ஸீரோ 2 W வாங்குங்கள். 2021 அக்டோபரில் 15 அமெரிக்க டாலர் விலையில் வந்த ஸீரோ 2 W இதற்குத் தாராளமாகப் போதும்.

இன்னொரு வழி இஎஸ்பி32. அடாஃப்ரூட்டின் மேட்ரிக்ஸ் போர்ட்டல் எஸ்3 போன்ற அட்டைகள் பலகையின் முதுகிலேயே செருகிக்கொள்ளும். எஸ்டி அட்டை இல்லை, இயங்குதளம் இல்லை. மின்சாரம் போய் வந்தால் சில விநாடிகளில் எழுந்துவிடும். தினமும் செருகியைத் தட்டி அணைக்கிற வீடுகளுக்கு இதுதான் சரி. பையை அப்படித் தட்டி அணைத்துக்கொண்டே இருந்தால் எஸ்டி அட்டை என்றாவது ஒரு நாள் பழுதாகும்.

மின்வழங்கியில் சிக்கனம் பார்க்கக் கூடாது. முழுப் பலகையும் வெள்ளையில் எரிந்தால் 64×32 பலகை ஒன்று 5 வோல்ட்டில் 4 ஆம்பியர் வரை இழுக்கும், அதாவது 20 வாட். மஞ்சள் எழுத்து மட்டும் என்றால் அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. இருந்தாலும் நிரலில் ஒரு பிழை வந்து முழுப் பலகையும் எரிந்துவிடலாம், அதைத் தாங்கும் வழங்கிதான் வேண்டும். சிம் லிம் டவருக்கு நேரில் போனால் தரமான 5 வோல்ட் வழங்கியும் தடிமனான கம்பியும் பார்த்து வாங்கலாம். பெயர் தெரியாத வழங்கியை இருபத்து நாலு மணி நேரமும் வீட்டில் ஓடவிட வேண்டாம்.

பலகை, அட்டை, வழங்கி எல்லாம் சேர்த்து அறுபது முதல் தொண்ணூறு வெள்ளி வரை ஆகும். அதற்கு மேல் சட்டகம். வெறும் பலகையின் முதுகு கம்பிகளும் சில்லுகளுமாக இருக்கும், முன்பக்க ஒளியோ கண்ணைக் கூசும். கறுப்பு கலந்த அக்ரிலிக் தகடு ஒன்றை முன்னால் வைத்தால் எரியாத புள்ளிகள் மறைந்து எழுத்து மட்டும் தெளிவாகத் தெரியும். இந்த ஒரு தகடுதான் வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி பலகையை மாற்றுகிறது. செலவோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

## இ-இங்க் திரை

சுவரில் மாட்டினால் படம் மாட்டியது போலிருக்கும், ஒளி வீசாது, கம்பி இல்லாமல் பாட்டரியில் ஓடும். இந்த மூன்று காரணங்களுக்காகவே பலர் இதை விரும்புகிறார்கள். ஆனால் பஸ் நேரத்துக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வேவ்ஷேரின் 7.5 இன்ச் கறுப்பு-வெள்ளைத் திரையில் 800×480 புள்ளிகள். 20 மி.மீ. எழுத்தில் நான்கு வரி வரும். இரண்டரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் படிக்கலாம். முழுதாகப் புதுப்பிக்கும்போது திரை சில விநாடிகள் கறுப்பும் வெள்ளையுமாக மின்னும். சிவப்பு சேர்ந்த மூன்று நிற வகையில் 15 விநாடிக்கு மேல் ஆகும், அதை இந்த வேலைக்கு வாங்கவே கூடாது. அதைவிட முக்கியம்: இரண்டு முழுப் புதுப்பிப்புகளுக்கு நடுவே குறைந்தது 180 விநாடி இடைவெளி விடச் சொல்கிறது தயாரிப்பு நிறுவனம். தகவல் 20 விநாடிக்கு ஒருமுறை மாறுகிறது. திரையோ மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை. '3 நிமிடம்' என்று எழுதியிருக்கும்போதே பஸ் போயிருக்கும்.

பகுதிப் புதுப்பிப்பு என்று ஒன்று உண்டு, மாறிய இடத்தை மட்டும் விரைவாக மாற்றுவது. ஆனால் பழைய எழுத்தின் நிழல் தங்கும், அதைத் துடைக்க அவ்வப்போது முழுப் புதுப்பிப்பு வேண்டும்.

இந்தத் திரையில் 'இன்னும் 4 நிமிடம்' என்று எழுதாமல் '7:42' என்று எழுதுங்கள். பக்கத்தில் ஒரு கடிகாரம் இருந்தால் போதும். நிமிடக் கணக்கு ஒவ்வொரு நிமிடமும் பொய்யாகிக்கொண்டே போகும். கடிகார நேரம் அப்படிக் கெடாது. மூன்று நிமிடம் பழசானாலும் பெரும்பாலும் பயன்படும். கீழே 'தகவல் 7:36' என்று சிறிய எழுத்தில் போட்டுவிட்டால் பார்ப்பவர் தானே முடிவு செய்துகொள்வார்.

பாட்டரிக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். ஒருமுறை விழித்து வைஃபையில் சேர்ந்து, தகவல் வாங்கித் திரையை மாற்ற எட்டு விநாடி, சராசரி 100 மில்லி ஆம்பியர் என்று வைப்போம். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் ஒரு நாளைக்கு 480 தடவை, அதாவது 107 மில்லி ஆம்பியர்-மணி. 2,000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவு உள்ள பாட்டரி மூன்று வாரத்துக்குள் தீரும். காலை 6 முதல் 9 வரை மட்டும் விழிக்க வைத்தால் 60 தடவைதான், நாளைக்கு 13. மாதக்கணக்கில் ஓடவேண்டும். ஆனால் சாதாரண இஎஸ்பி32 அட்டைகளில், சில்லு தூங்கினாலும் கூட இருக்கும் மின் சீராக்கியும் யூஎஸ்பி சில்லும் தூங்குவதில்லை. அவை 5 மில்லி ஆம்பியர் இழுத்தாலே நாளைக்கு 120 போய்விடும், அதுவும் ஒன்றும் செய்யாமல். பாட்டரிக்காகவே வடிவமைத்த அட்டையாகப் பார்த்து வாங்குங்கள். திரையும் அட்டையும் சேர்த்து எண்பது முதல் நூறு வெள்ளி ஆகும்.

பழைய கிண்டிலையும் இதற்குப் பயன்படுத்துவார்கள். 2011-இல் வந்த கிண்டில் 4-இல் 600×800 புள்ளிகள், ஆறு இன்ச். அதன் மென்பொருள் பூட்டை உடைத்து நிரல் ஏற்ற வேண்டும், அதற்கு ஓரிரு நாள் பொறுமை வேண்டும். நேரம் இருப்பவருக்கு நல்ல விளையாட்டு. அவசரத்துக்கு ஆகாது.

## தமிழில் காட்ட வேண்டுமா?

எண்கள் மட்டும் போதும் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். பாட்டிக்காக 'கிளம்பலாம்', 'இடம் இருக்கு', 'கடைசி பஸ்' என்று காட்ட விரும்பினால் கவனமாகப் படியுங்கள்.

இஎஸ்பி32-க்கான வரைகலை நிரல்தொகுப்புகள் எழுத்துக்களைக் குறியீட்டு வரிசையில் ஒவ்வொன்றாக வரைகின்றன. 'கோ' என்பது சேமிப்பில் ககரமும் அதன் பின்னால் ஓகாரக் குறியும். ஆனால் வரையும்போது குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இரு பக்கமும் உட்கார வேண்டும். 'கெ', 'கை' போன்றவற்றில் குறி முன்னால் வர வேண்டும். உகர எழுத்துகளோ புது வடிவமே எடுக்கும். இந்த ஒழுங்கெல்லாம் அந்தச் சின்ன நிரல்களுக்குத் தெரியாது. டேப்லெட்டின் உலாவிக்குத் தெரியும். ராஸ்பெரி பையில் ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்து வடிவமைப்பு நிரல் இருந்தால் அதற்கும் தெரியும்.

எளிய வழி ஒன்று இருக்கிறது. பலகையில் வரும் தமிழ்ச் சொற்கள் பத்துப் பன்னிரண்டைத் தாண்டாது. அவற்றைக் கணினியில் படமாக்கி, அந்தப் படங்களைக் கருவியில் சேமித்துவிடுங்கள். இ-இங்க் திரைக்கு இன்னும் சுலபம்: முழுப் பக்கத்தையும் வீட்டுச் சேவையகம் (டேப்லெட்டுக்குச் சொன்னது போல வீட்டிலேயே ஓடும் சிறு நிரல்) படமாகத் தயாரித்து அனுப்பினால் போதும்.

எல்இடி பலகையில் மட்டும் இடம் இடிக்கும். ஏழு புள்ளி உயரத்தில் ஆங்கில எழுத்து தெரியும், 'ழு', 'ணை', 'ஞ' தெரியாது. பன்னிரண்டு, பதினாறு புள்ளியாவது வேண்டும். 32 புள்ளி உயரப் பலகையில் தமிழ் இரண்டு வரிக்கு மேல் வராது.

## ஒரே பார்வையில்

| | ஏறத்தாழச் செலவு | வசதியாகப் படிக்கும் தொலைவு | நிமிடக் கணக்கு காட்டலாமா | தமிழ் | மறந்துபோகும் செலவு |
|---|---|---|---|---|---|
| பழைய டேப்லெட் | 0 வெள்ளி, இருந்தால் | 3 மீ. | தாராளமாக | சிக்கல் இல்லை | பாட்டரி உப்பல், இடையில் ஒரு சேவையகம் |
| 2.8 இன்ச் வண்ணத் திரை | 15–20 வெள்ளி | 2 மீ.க்குள் | தாராளமாக | படமாக்கி வைத்தால் | பெட்டி, பக்கத்தில் மின்செருகி |
| எல்இடி 64×32, 4 மி.மீ. | 60–90 வெள்ளி | 3 மீ.க்கு மேல் | தாராளமாக | இரண்டு வரி மட்டும் | நல்ல மின்வழங்கி, சட்டகம், அக்ரிலிக் தகடு |
| 7.5 இன்ச் இ-இங்க் | 80–100 வெள்ளி | 2.4 மீ. | வேண்டாம், கடிகார நேரம் காட்டுங்கள் | படமாக அனுப்பினால் சிக்கல் இல்லை | பாட்டரிக்கேற்ற அட்டை, படம் தயாரிக்கும் சேவையகம் |

## யாருக்கு எது

பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து இருக்கும் வீடு, ஹாலின் எந்த மூலையிலிருந்தும் பார்க்க வேண்டும், மின்செருகியும் இருக்கிறது என்றால் நான் இஎஸ்பி32-ஓடு எல்இடி பலகையைத்தான் சொல்வேன். செலவு கூடினாலும், திரும்பிப் பார்த்த மாத்திரத்தில் விடை கிடைக்கிறது.

வாசலில் நின்று ஒருவரோ இருவரோ மட்டும் பார்க்கும் இடம் என்றால் சின்ன வண்ணத் திரை. முதன்முதலாகச் செய்பவருக்கும் இதுதான். கைகூடவில்லை என்றாலும் இருபது வெள்ளிதான் போகும், அந்த அட்டை வேறு வேலைக்கு உதவும்.

தமிழில் பெரிய எழுத்தில் நிறையக் காட்ட வேண்டும், நிறம் வேண்டும், மழை வருமா என்பதும் கூடவே வேண்டும் என்பவர்கள் டேப்லெட்டுக்குப் போகலாம். பாட்டரியைப் பற்றிச் சொன்னதை மட்டும் கவனத்தில் வையுங்கள்.

வாசலில் மின்செருகியே இல்லாத வீட்டுக்கும், பஸ் பத்து பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று வரும் நிறுத்தத்துக்கும் இ-இங்க் பொருந்தும். மூன்று நிமிடத்துக்கு ஒரு பஸ் வரும் நிறுத்தத்துக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

வேறு நகரங்களில் இருப்பவர்களுக்கும் திரைக் கணக்கு இதேதான், தகவல் மட்டும் மாறும். லண்டனில் போக்குவரத்து அமைப்பான டிஎஃப்எல்-இன் தகவல் சேவை (ஏபிஐ), பஸ்ஸுக்கும் டியூப் ரயிலுக்கும் இன்னும் எத்தனை விநாடி என்று நேரடியாகவே தருகிறது. அங்கே கடிகாரப் பிசகு ஒரு கவலையே இல்லை. நியூயார்க் சப்வே தகவல் ஜிடிஎஃப்எஸ்-ரியல்டைம் என்ற இருமக் கோப்பாக வருவதால், சின்னச் சில்லில் நேராகப் படிக்காமல் நடுவில் ஒரு சேவையகம் வைத்துச் சுருக்கி அனுப்புவது நல்லது.

## வாங்குவதற்கு முன்

எதையும் வாங்காமல், மடிக்கணினியில் ஒரு பக்கத்தை எழுதி ஒரு வாரம் ஓடவிடுங்கள். எந்தச் சேவைகளை உண்மையில் பார்க்கிறீர்கள், எத்தனை வரி வேண்டும் என்பது தெரிந்துவிடும். பெரும்பாலான வீடுகளுக்கு மூன்று சேவை போதும், பன்னிரண்டையும் காட்ட வேண்டியதில்லை.

அப்புறம், லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் நடக்கும் நேரத்தையும் கழித்துக் காட்டுங்கள். நிறுத்தத்துக்குப் போக நான்கு நிமிடம் ஆகும் வீட்டில், இரண்டு நிமிடத்தில் வரும் பஸ்ஸைக் காட்டுவது வீண் பதற்றம். மகனுக்கு நான்கு நிமிடம், பாட்டிக்கு எட்டு. யாருடைய நடைக்கு வைப்பது என்றால் பாட்டியின் நடைக்கு வையுங்கள்.

நிரலில் இந்த இரண்டை விடவே விடாதீர்கள். கடைசியாகத் தகவல் வந்து இரண்டு நிமிடம் தாண்டிவிட்டால் எண்களை அழித்துவிட்டுக் கோடு மட்டும் காட்ட வேண்டும். இ-இங்க்கில் அந்த வரம்பை ஐந்து நிமிடமாக வைக்கலாம், ஆனால் வரம்பு கட்டாயம் இருக்க வேண்டும். இன்னொன்று, சான்றிதழோ முகவரியோ மாறிப் பலகை நின்றுபோகும் நாளில், ஏன் நின்றது என்று திரையிலேயே ஒரு வரி எழுத வேண்டும்: வைஃபை இல்லை, சாவி ஏற்கப்படவில்லை, பதில் வரவில்லை. நீங்கள் வெளியூரில் இருக்கும்போது வீட்டிலிருந்து அழைப்பவர் அந்த வரியைப் படித்துக் காட்டினால், என்ன செய்ய வேண்டும் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடலாம்.